வாசகர் கேள்வி – பதில்: பாரிஸிலிருந்து கோபன்ஹேகன் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கோடையில் ஐரோப்பா செல்லவிருக்கும் டெல்டா மாவட்ட வாசகர்கள் பலர் இம்முறை கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் இரு ஐரோப்பிய நகரங்களுக்கு இடையிலான தூரத்தையும் விமான நேரத்தையும் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: என் மகள் குடும்பத்தோடு பாரிஸில் இருக்கிறாள். வரும் ஜூன் மாதம் நானும் என் கணவரும் அங்கே போகிறோம். பக்கத்திலுள்ள தரங்கம்பாடியில் கோட்டை கட்டி ஆண்ட டேனிஷ்காரர்களின் தலைநகரான கோபன்ஹேகனையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பாரிஸிலிருந்து கோபன்ஹேகன் 1,027 கிலோமீட்டர் என்று ஓர் இணையதளத்திலும், 1,005 என்று மற்றொன்றிலும், 1,200க்கும் மேல் என்று மூன்றாவதிலும் இருக்கிறது. விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்றால் ஒன்றேகால் மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மாப்பிள்ளையோ இரண்டு மணி நேரம் ஆகும் என்கிறார். எதை நம்புவது? – ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: மூன்று எண்களும் சரியானவைதாம், அம்மா. அவை அளப்பது மூன்று வெவ்வேறு தூரங்களை. பாரிஸ் நகர மையத்திலிருந்து கோபன்ஹேகன் நகர மையத்துக்குப் பூமியின் மேற்பரப்பில் நேராக அளந்தால் 1,027 கிலோமீட்டர் வருகிறது. ஆனால் விமானம் நகர மையத்திலிருந்து கிளம்புவதில்லை. பாரிஸின் பெரிய விமான நிலையமான சார்ல் த கோல் நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, அதாவது கோபன்ஹேகன் இருக்கும் திசையிலேயே அமைந்திருப்பதால், அங்கிருந்து கோபன்ஹேகனின் காஸ்ட்ரப் விமான நிலையத்துக்கு நேர்த் தூரம் ஏறக்குறைய 1,005 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. சாலை வழியோ பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளைக் கடந்து, கடல் குறுக்கிடும் இடங்களில் பாலத்தையோ படகையோ தேடிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் 1,200ஐத் தாண்டுகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை உங்கள் மாப்பிள்ளை சொல்வதே சரி. அட்டவணையில் இந்தப் பயணத்துக்கு 1 மணி 50 நிமிடத்திலிருந்து 2 மணி நேரம் வரை காட்டுவார்கள். நீங்கள் போட்ட வகுத்தல் கணக்கில் பிழையில்லை; ஆனால் 850 கிலோமீட்டர் என்பது உச்சியில் பறக்கும்போது மட்டும் கிடைக்கும் வேகம். டிக்கெட்டில் அச்சிடப்படும் நேரம், புறப்படும் நிலையத்தில் விமானம் தன் வாயிலை விட்டு நகரத் தொடங்கும் நிமிடத்திலிருந்து, இறங்கும் நிலையத்தில் தனக்குரிய வாயிலில் வந்து நிற்கும் நிமிடம் வரைக்குமானது. சார்ல் த கோல் மிகப் பெரிய நிலையம். நான்கு ஓடுபாதைகள் கொண்டது. அங்கே விமானம் தரையில் ஊர்ந்து சென்று, தன் முறை வரும்வரை காத்திருந்து மேலெழும்புவதற்குள் கால் மணி நேரம் கழிந்துவிடுவது சாதாரணம். எழும்பிய பிறகும் 10,000 அடி உயரத்துக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 463 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. முழு உயரத்தை எட்டுவதற்கு இருபது நிமிடம்போல ஆகும். இறங்குவதற்கான ஆயத்தமோ, தரையைத் தொடுவதற்குச் சுமார் 200 கிலோமீட்டருக்கு முன்பே தொடங்கிவிடும். ஆகவே, இந்த 1,005 கிலோமீட்டரில் விமானம் முழு வேகத்தில் பறப்பது பாதித் தூரத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே.

இவற்றோடு, வானத்திலும் வகுக்கப்பட்ட வழித்தடங்கள் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அதை எதிர்கொண்டே விமானம் எழும்பவும் இறங்கவும் வேண்டும் என்பதால், வடகிழக்கே போக வேண்டிய விமானம் சில நாட்களில் முதலில் மேற்கு நோக்கிக் கிளம்பி, அரைவட்டம் அடித்துத் திரும்பிப் போகும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தாமதக் கணக்கில் தங்கள் பெயர் கெடாமல் இருப்பதற்காக விமான நிறுவனங்கள் அட்டவணையில் சில நிமிடங்களைக் கூட்டியே போட்டுவைக்கின்றன. 'குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்' என்று விமானத்தில் அறிவிப்பு கேட்டால், விமானி விரட்டிக்கொண்டு வந்தார் என்று எண்ணிவிட வேண்டாம். அட்டவணையில் இருந்த அந்த உபரி நிமிடங்கள் செலவாகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

பிரான்ஸும் டென்மார்க்கும் ஒரே நேர மண்டலத்தில் இருப்பதால் கடிகாரத்தைத் திருத்தும் வேலை உங்களுக்கு இல்லை. தீர்க்கரேகைக் கணக்குப்படி பாரிஸ் லண்டன் நேரத்தைத்தான் கடைப்பிடிக்க வேண்டும். 1940இல் ஜெர்மானியர்களின் ஆக்கிரமிப்பின்போது ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கப்பட்ட கடிகாரம் அப்படியே நிலைத்துவிட்டது.

உங்கள் கணவருக்கு ஒரு செய்தி: தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620ஆம் ஆண்டு டென்மார்க் அரசருக்கு அனுப்பிய பொன்னோலை கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. காப்பகம் என்பது அருங்காட்சியகம் அன்று. ஆகவே அதைப் பார்ப்பதற்கென்றே போவதாக இருந்தால், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனில் கப்பலேறி, மறு ஆண்டு ஜூலையில்தான் தரங்கம்பாடியில் இறங்கினார். இரண்டு மணி நேரம் அதிகம் என்று தோன்றும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பாரிஸ்–கோபன்ஹேகன் பயணத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து விடுதிக்குள் நுழைவதுவரை உண்மையில் எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்? அதே பயணத்தை ரயிலில் செய்ய முடியாதா? – ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: பயணத் திட்டம் போடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். விமானத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரம் முழுப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. நம் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் லா ஷாப்பெல் பகுதியில் தங்கியிருப்பவர்கள், அருகிலுள்ள கார் து நோர் நிலையத்தில் புறநகர் ரயில் 'பி' தடத்தைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் சார்ல் த கோலுக்குப் போய்விடலாம். வேறு பகுதிகளில் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். லக்கேஜை ஒப்படைக்கவும் பாதுகாப்புச் சோதனைக்குமாக இரண்டு மணி நேரம் முன்பே அங்கே இருப்பது நல்லது. கோபன்ஹேகனில் இறங்கிய பிறகு அலைச்சல் இல்லை. விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ ரயில் உண்டு, கால் மணி நேரத்தில் நகர மையம் வந்துவிடும். பெட்டி வரும்வரை காத்திருப்பதையும் சேர்த்தால் வாசலிலிருந்து வாசலுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைக்கும்.

ரயிலில் போவதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும். பாரிஸிலிருந்து கொலோன், அங்கிருந்து ஹாம்பர்க், பிறகு கோபன்ஹேகன் என்று மாறி மாறிப் போக வேண்டும். ஹாம்பர்க்–கோபன்ஹேகன் பகுதிக்கு மட்டுமே நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 2019 டிசம்பர் வரை இந்த வழியில் ஒரு விந்தை இருந்தது: ஜெர்மனிக் கரையில் ரயில் அப்படியே கப்பலுக்குள் ஏறி, கடலைக் கடந்து, டென்மார்க் கரையில் இறங்கி ஓடும். இப்போது ரயில்கள் நிலத்தின் வழியே சுற்றிக்கொண்டு போகின்றன. அந்தப் பழைய கடல்வழிக்குக் கீழே ஃபெமார்ன் நீரிணையில் 18 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றைக் கட்டிவருகிறார்கள். அது திறக்கப்பட்டால் ஹாம்பர்க்–கோபன்ஹேகன் நேரம் இரண்டரை மணியாகக் குறையும். அதுவரை, வயதானவர்களை இந்த ரயில் பயணத்துக்கு நான் தூண்ட மாட்டேன்.

கேள்வி: லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கிக்குப் போகும்போது ஒரு நேரமும் திரும்பும்போது வேறு நேரமும் ஆவதாக டிக்கெட்டில் இருக்கிறது. தூரம் ஒன்றுதானே? அதைவிட வேடிக்கை, கடிகாரத்தைப் பார்த்தால் போகும்போது ஆறரை மணி நேரமும் வரும்போது மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகவும் தெரிகிறது. – ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: இதில் இரண்டு விஷயங்கள் கலந்துவிட்டன, ஒன்று காற்று, மற்றொன்று கடிகாரம்.

முதலில் காற்று. விமானங்கள் பறக்கும் பத்து, பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், ஐரோப்பா அமைந்துள்ள அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலிமையான காற்று வீசிக்கொண்டிருக்கிறது. இதன் மிக வேகமான பகுதியை ஜெட் காற்றோட்டம் என்பார்கள். அங்கே வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். வெப்பமான தெற்குக்கும் குளிர்ந்த வடக்குக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு இந்தக் காற்றை உண்டாக்குகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. அந்த வேறுபாடு குளிர்காலத்தில் மிகுவதால் காற்றும் அப்போது வலுக்கும். லிஸ்பன்–ஹெல்சிங்கி விமான நிலையங்களுக்கு இடையே 3,365 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் 830 என்றும், வழிநெடுகக் காற்று சராசரியாக 50 கிலோமீட்டர் வேகத்தில் முதுகைத் தள்ளுகிறது என்றும் கொண்டால், தரைக் கணக்கில் வேகம் 880 ஆகி, வானில் 3 மணி 49 நிமிடம் ஆகும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிப்பதால் வேகம் 780 ஆகக் குறைந்து 4 மணி 19 நிமிடம் ஆகும். அரை மணி வேறுபாடு இப்படித்தான் வருகிறது. இதே கணக்கைக் காரைக்கால் வாசகியின் 1,005 கிலோமீட்டருக்குப் போட்டால் வேறுபாடு ஒன்பது நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அதனால்தான் குறுகிய பயணங்களில் இதை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்து கடிகாரம். டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம் புறப்படும் ஊரின் நேரம். வந்துசேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். ஹெல்சிங்கி லிஸ்பனைவிட இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 10 மணிக்கு லிஸ்பனில் கிளம்பி நாலரை மணி நேரம் பயணம் செய்தால், லிஸ்பன் கணக்கில் பிற்பகல் 2.30, ஹெல்சிங்கிச் சுவர்க் கடிகாரத்தில் 4.30. திரும்பும்போது காலை 10 மணிக்குக் கிளம்பி 4 மணி 50 நிமிடம் பறந்தாலும் லிஸ்பனில் பகல் 12.50தான் ஆகியிருக்கும். அட்டவணையைப் படிக்கும்போது இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்க்காமல், 'பயண நேரம்' என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். மருந்தை நேரம் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு இது மிக முக்கியம்.

கேள்வி: விமானத்தின் முன் இருக்கைத் திரையில் பாதை வளைந்து தெரிவது ஏன்? நேராகப் போனால் நேரம் மிச்சமாகாதா? – கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: அந்த வளைவுதான் நேர்வழி. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது உருவம் சிதையாமல் இருக்க முடியாது. மெர்க்கேட்டர் 1569இல் வெளியிட்ட வரைபட முறையில், வடக்கே போகப் போக நிலங்கள் உண்மையைவிடப் பெரிதாக விரிந்துகொண்டே போகும். அதில் கோடு போட்டுப் பார்ப்பதால்தான் குறுகிய வழி வளைந்து தெரிகிறது. வீட்டில் உலக உருண்டை இருந்தால், மாட்ரிட்டிலிருந்து இஸ்தான்புல்லுக்கு ஒரு நூலை இறுக்கமாக இழுத்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கும் நகரங்கள். ஆனாலும் நூல் அந்த அட்சரேகையின் மீது படியாமல் வடக்கே ஒதுங்கும். நடுவில் சுமார் 130 கிலோமீட்டர் விலகியிருக்கும்.

ஆனால் இதனால் ஐரோப்பாவுக்குள் கிடைக்கும் இலாபம் அற்பமானது. அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு நேர் கிழக்கே போனால் 2,755 கிலோமீட்டர். நூல் காட்டும் வழியில் 2,740. மிச்சம் 15 கிலோமீட்டர், அதாவது ஒரு நிமிடப் பறத்தல். கடல் கடந்து அமெரிக்கா போகும் விமானங்களுக்குத்தான் இந்த வளைவு பெரிய விஷயம். பாடப்புத்தகத்தில் இதைப் படித்துவிட்டு ஐரோப்பிய அட்டவணையில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கேள்வி: லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே விமானம் நல்லதா, ரயில் நல்லதா? – ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: ரயில். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டு நகரங்களுக்கும் இடையே நேர்த் தூரம் 344 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு நாம் தரைவழியே போகும் தூரம் அளவுக்குத்தான். விமானத்தில் அட்டவணை நேரம் ஒன்றேகால் மணியை ஒட்டியிருக்கும். ஆனால் இரு பக்கமும் நகரத்துக்கு வெளியே போய்வரும் நேரத்தையும் காத்திருப்பையும் சேர்த்தால் ஐந்து மணி நேரத்தை நெருங்கிவிடும். 1994இல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியிலான சுரங்கம் திறக்கப்பட்ட பிறகு ஓடும் யூரோஸ்டார் ரயில், சுமார் 492 கிலோமீட்டர் தண்டவாளத்தை இரண்டேகால் மணி நேரத்தைச் சற்றே தாண்டி முடித்துவிடுகிறது. லீல் நகரத்தின் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவதால் தூரம் கூடுகிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் அதை ஈடுகட்டிவிடுகிறது. சுரங்கத்தின் நீளம் 50 கிலோமீட்டர்; அதில் 38 கிலோமீட்டர் போலக் கடலுக்கு அடியில். ஏறுவதும் இறங்குவதும் நகரத்தின் நடுவிலேயே. கடவுச்சீட்டுச் சோதனை ஏறும் நிலையத்திலேயே முடிந்துவிடுவதால் ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது அங்கே இருக்க வேண்டும். அதைச் சேர்த்தாலும் ரயிலே முந்துகிறது.

இத்தகைய குறுந்தூரங்களில் ரயிலே போதும் என்று பிரான்ஸ் அரசே சட்டம் போட்டுவிட்டது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்ற விதி 2023இல் நடைமுறைக்கு வந்தது. பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நாந்து, போர்தோ ஆகிய நகரங்களுக்கான விமானங்கள் அதனால் நின்றன.

விசா பற்றி ஓர் எச்சரிக்கை. பிரான்ஸும் டென்மார்க்கும் ஷெங்கன் ஒப்பந்த நாடுகள். ஒரே விசா இரண்டுக்கும் போதும், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டன் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. லண்டன் போக வேறு விசா வேண்டும். பாரிஸுக்குத் திரும்பி வருவதாக இருந்தால் ஷெங்கன் விசாவும் ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஐரோப்பாவிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் எது? – ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு. தூரம் 2.7 கிலோமீட்டர்; அட்டவணையில் இரண்டு நிமிடம். உலகத்திலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை இதுதான். தலைநகரங்கள் என்று பார்த்தால், ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் இடையே கடலைக் கடந்து 80 கிலோமீட்டர். விமானத்தில் அரை மணி. ஆனால் இரண்டு மணி நேரத்தில் கரை சேர்க்கும் கப்பல்களில்தான் மக்கள் பெரும்பாலும் போய்வருகிறார்கள்.

கேள்வி: ஒரே தூரமுள்ள இரு விமானப் பயணங்களில் ஒன்று மட்டும் ஒரு மணி நேரம் அதிகமாக எடுத்துக்கொள்ளுமா? – ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: எடுத்துக்கொள்ளும், காற்று காரணமாக அல்ல, அரசியல் காரணமாக. மாஸ்கோவிலிருந்து கலினின்கிராட் நேர்க்கோட்டில் சுமார் 1,090 கிலோமீட்டர். பாரிஸ்–கோபன்ஹேகனைவிடச் சற்றே அதிகம். இரண்டும் ரஷ்ய நகரங்களே என்றாலும் இடையே லிதுவேனியா இருக்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வான்வெளியை மூடிவிட்டன. அன்றிலிருந்து அந்த விமானங்கள் வடக்கே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் போய், பின்லாந்து வளைகுடாவின் மேலும் பால்டிக் கடலின் மேலும் சுற்றிக்கொண்டு கலினின்கிராட்டை அடைகின்றன. முன்பு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்த பயணத்துக்கு இப்போது கூடுதலாக முக்கால் மணிக்கு மேல் ஆகிறது.

கேள்வி: பாரிஸிலிருந்து கிளம்பும் ஒரு மலிவுக் கட்டண விமானத்தை மகன் பதிவு செய்திருக்கிறான். பாதி விலைக்குக் கிடைத்திருக்கிறது. ஏதாவது கவனிக்க வேண்டுமா? – ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: விமான நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். டிக்கெட்டில் 'பாரிஸ்' என்று இருந்தாலும் நிலையம் போவே ஆக இருக்கலாம். அது நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல், பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். 'பிராங்க்ஃபர்ட் ஹான்' என்பதும் இப்படித்தான். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. ஒரு மணி நேரப் பறத்தலுக்காக அதைவிட அதிக நேரம் பேருந்தில் உட்கார வேண்டிவரும். பேருந்துக் கட்டணத்தைச் சேர்த்தால் மிச்சமானதாக நினைத்த தொகையில் பாதி போய்விடும். விடியற்காலை விமானமாக இருந்தால் முதல் நாள் இரவே அங்கே போய்த் தங்க நேரலாம். டிக்கெட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும்: சி.டி.ஜி. என்றால் சார்ல் த கோல், ஓ.ஆர்.ஒய். என்றால் ஓர்லி, பி.வி.ஏ. என்றால் போவே. மகனிடம் அந்த மூன்றெழுத்து என்ன என்று கேளுங்கள்.